வலது தோளில் முந்தானை

ஆவணி கடைசி முகூர்த்தம், ஞாயிறு.

கல்யாணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடும்போது முந்தானையை மடிக்காமல் ஒற்றையாக இடது கைமேல் விழவிடுவது என் பாணி. அதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள். இன்று ராஜபாளையத்தில் போலீஸ் வேலை பார்க்கும் கல்யாணப்பெண் ஒருத்தி அது வேண்டாம் என்றுவிட்டாள்.

“வலது தோள்ல போடுங்கக்கா. நான் இடது கைக்காரி. எழுதுறது, லத்தி பிடிக்கிறது எல்லாம் இந்தக் கைதான். அதப் போயி சேலைக்குள்ள மூடிட்டா எப்படி?”

“ரிசப்ஷன்ல லத்தி எதுக்கும்மா?” என்றேன். சிரித்தாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஏட்டி, சொந்தக்காரவிய சிரிக்க மாட்டாவளா?” என்று சத்தம் போட்டுவிட்டு அவள் அம்மா வெளியே போனார்.

பதினொரு வருடப் பழக்கம். பக்கம் மாற்றிக் கட்ட என் விரல்களுக்குத் தெரியவில்லை. கொசுவம் மூன்று முறை அவிழ்ந்தது. நாம் இடது தோளில் போடுவதே வலது கைக்காரர்களுக்காகத்தானோ? இத்தனை நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

கட்டி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வலம் இடமாகியிருந்தது. அங்கே நின்றவள் நான் எடுத்து வைத்திருக்கும் படங்களில் உள்ள பெண்களைப் போலவே இருந்தாள். திரும்பி வந்த அம்மாவும் கண்ணாடியைத்தான் பார்த்தார்.

“இப்பத்தான் சரியா இருக்கு.”

அவர் முதுகுக்குப் பின்னால் அந்த இடது கை என்னைக் கிள்ளியது.

மேடையில் மகளை நேருக்கு நேர் பார்த்தபோது அம்மா என்ன சொன்னாரோ? அதற்குள் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.