கன்னிப்பூவில் விதைத்த சம்பா

செப். 17, புதன். மூட்டம். மழை இல்லை.

ஏலா முழுக்க, அதாவது ஊர் வயல்வெளி பூராவும், நெல் பழுத்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை அறுப்பு மிஷின் வருகிறது, எங்கள் வயலில் மட்டும் இன்னும் ஒரே ஒரு கதிர்கூட எட்டிப் பார்க்கவில்லை!

பச்சை. இடுப்புக்கு மேல் உயரம். சுற்றிலும் மஞ்சள், நடுவில் நாங்கள் மட்டும் கோரைக்காடு மாதிரி. டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம் புதுசாக எத்தனை மாடு வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

விதை என் ஏற்பாடு. ஆன்லைன் விதைக் குழுவில் கிடைத்த சிவப்புச் சம்பா. வைகாசியில் கைக்கு வந்தது. கன்னிப்பூ போகத்துக்கு எல்லாரும் விதைக்கிற நேரம். ஐப்பசி வரை காத்திருந்து அடுத்த போகமான கும்பப்பூவுக்குப் போட்டிருக்கலாம். யாரால் முடியும்? ரோட்டோர வயலில் போடுவோம், நாலு பேர் பார்க்கட்டும் என்றது அப்பா. நாலு பேர் நன்றாகவே பார்க்கிறார்கள்.

வாங்க: மொபைல் கவர், சீயக்காய், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

செப். 18, வியாழன். சாயங்காலம் தூறல்.

செல்லப்பன் அண்ணாச்சி வந்தார். எங்களுக்கு அடுத்த உள்வயல் அவருடையது. ரோட்டிலிருந்து அவர் வயலுக்கு மிஷின் போக எங்கள் வயலைத் தவிர வேறு வழி கிடையாது. ஏலாவில் முறையே அதுதான். எல்லாரும் ஒரே வயசு நெல் போடுவது, ரோட்டோரத்துக்காரர் முதலில் அறுப்பது, அறுத்த தாள் மேல் வண்டி உள்ளே இறங்குவது. எங்களுக்குப் பின்னால் வரிசையாக எத்தனை பேர் வயல். விதை வந்த சந்தோஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அப்பாவுக்கும்.

அண்ணாச்சி அப்பாவுக்கு மலைப் பக்கம் கை காட்டினார்.

"மழை அங்க நிக்கு பாரு. நான் சண்டைக்கு வரல்ல தம்பி, கேட்டியா. சாஞ்ச நெல்லு நனைஞ்சா முளைச்சிரும். உனக்கது வெறும் புல்லாக்கும். அறுத்து மாட்டுக்குப் போடு."

அப்பா தலையாட்டினார். சனிக்கிழமை பச்சையாகவே அறுப்பதாக முடிவு. முழு வயலும்.

அண்ணாச்சி மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவர் நெல் நிஜமாகவே தரையில் படுத்துக் கிடக்கிறது.

ராத்திரி சாளை மீன் குழம்பு. துக்கத்தில் இரண்டு பிடி அதிகம்.

செப். 19, வெள்ளி. நல்ல வெயில்.

என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் நடிகர்களுக்கு ரசிகைகள். நான் ஒரு ஜீனுக்கு. ஹெச்.டி. ஒன். நெல்லுக்கு எப்போது பூக்க வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தில் ஒரு ஆள். பகல் குறுகினால் பூ பூ என்று தள்ளும். பகல் நீண்டால் அதே ஆள் பொறு பொறு என்று பிடித்து நிறுத்தும். தள்ளுகிறவனும் தடுக்கிறவனும் ஒருவனே. இதைப் படித்த அன்றைக்குத் தூக்கமே இல்லை.

அண்ணாச்சி போட்டது மாதிரி குட்டை நெல்லில் இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பழுதாகியிருப்பார்கள். பிடித்து நிறுத்த ஆள் இல்லை. எந்த மாசம் விதைத்தாலும் வயசு வந்தால் கதிர் வந்துவிடும். பழுது என்பது திட்டு இல்லை. அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிறது. சம்பாவில் எல்லாரும் நல்ல ஆரோக்கியம் போல. வைகாசி, ஆனி, ஆடி பூராவும் நீளப் பகல். பொறு, பொறு, பொறு.

இத்தனைக்கும் நம்ம ஊரில் நீளப் பகலுக்கும் குறும்பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. அதைப் போய் ஒரு புல் கண்டுபிடிக்கிறது. எனக்கு அலாரம் அடித்தாலே தெரியாது.

இதெல்லாம் ஊகம். லேபில் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஊகம் சரி என்றால் பகல் குறுக ஆரம்பித்தாச்சு, கதிர் இப்போது தாளுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். தாளை நெடுக்காகக் கீறினால் தெரியும் என்று குழுவில் ஒருவர் சொன்னார்.

மத்தியானமே பிளேடோடு போனேன். ரோட்டிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் வரிசையாகக் கீறினேன். இலைக்குள் இலை. அதற்குள் இலை. வேறொன்றும் இல்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஹெச்.டி. ஒன் மேல் கொஞ்சம் வருத்தம்.

செப். 20, சனி. காலை இளவெயில். மலையில் கறுப்பு.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அப்பா விடிந்ததும் அரிவாளோடு போய்விட்டார். அண்ணாச்சி வயல் பக்கம், அதாவது உள்கோடியிலிருந்து அறுக்க ஆரம்பித்திருந்தார். நான் டீ கொண்டு போனேன். அவர் அறுத்துப் போட்ட முதல் பிடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, சும்மா வெறுப்பில்தான், கீறினேன்.

உள்ளே வெள்ளையாக ஒன்று. விரல் நகத்தின் பாதி இருக்கும். கோழிக்குஞ்சின் இறகு மாதிரி, மெத்தென்று.

"அப்பா, நில்லுங்க. அறுக்காண்டாம்."

அப்பா வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். புழுவா என்று கேட்டார். கதிர் என்றேன். அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே நான்கைந்து தாள் கீறினார். எல்லாவற்றிலும் இருந்தது.

அப்படியென்றால் நேற்று ஏன் இல்லை? ஒரே விதை, ஒரே தண்ணீர். இரண்டு பேரும் கீறிக்கொண்டே ரோட்டை நோக்கி வந்தோம். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது, வடக்கு மூலையை நெருங்கியதும் இல்லை. அந்த மூலையில்தான் போன வருஷம் மாட்டின தெருவிளக்கு. விடிய விடிய வெள்ளை வெளிச்சம். அதன் அடியில் நிற்கிற நெல்லுக்கு ராத்திரியே முழுசாக வரவில்லை. இன்னமும் நீளப் பகல் என்று நினைத்து நிற்கிறது, பாவம். நேற்று நான் போய்க் கீறினது சரியாக அந்த இடத்தில்.

நான் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன பைக் நின்று பார்த்துவிட்டுப் போனது.

யோசனை அப்பாவுடையது. விளக்கடி நெல் எப்படியும் இப்போதைக்குக் கதிர் தள்ளாது. வடக்கு வரப்பை ஒட்டி அதையே வழியாக விட்டால் என்ன? கொஞ்சம் கதிருள்ள பயிரும் போகும். முழு வயலும் போகாது. அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை. "நீ கதிருண்ணு சொல்லுகா பிள்ள. எங்களுக்கு வெளிய வந்தாத்தான் கதிரு."

அப்பா என்றைக்கும் அவரிடம் எதிர்த்துப் பேசியவர் இல்லை.

"அண்ணாச்சி, வண்டி அகலத்துக்கு இந்த ஓரத்த எடுத்துக்கிடுங்க. மிச்சத்த அறுக்க மாட்டேன்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி நடுவயலில் இறங்கினார். நாங்கள் காட்டின இடத்தில் எடுக்காமல், தானாக ஒரு தூரைப் பார்த்துப் பிடுங்கி, என்னிடம் பிளேடு வாங்கிக் கீறினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செரி. வண்டிக்காரன் வளைக்கத் தெரியாம உள்ள ஏத்திட்டாம்ணு எங்கிட்ட வரப்பிடாது, கேட்டியா."

அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

தைலம் வாங்க மறந்துவிட்டேன். அம்மாவும் வரப்பில்தான் நின்றாள்.

செப். 21, ஞாயிறு. மூன்று மணி வரை வெயில். பிறகு கொட்டோ கொட்டு.

மிஷின் வந்தது. டிரைவர் சேலம் பக்கத்து ஆள். இவ்வளவு ஒடுக்கத்தில் போகமாட்டேன் என்று ஒரே பிடி. அண்ணாச்சி வண்டிக்கு முன்னால் நடந்தார். துண்டை ஆட்டி ஆட்டி வலது, இடது. ஒரு வளைவில் சக்கரப்பட்டை எங்கள் பயிர் மேல் ஏறினது. டிரைவரை அவர் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. தன் வயல் இன்னும் அறுபடவில்லை, எங்கள் பயிருக்காகக் கத்துகிறார்.

மழைக்கு முன் உள்வயல் எல்லாம் அறுத்தாச்சு. அண்ணாச்சி நெல் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரம். வரப்போர விளக்கடிப் பயிர் யார் வீட்டு மாட்டுக்கோ போனது.

ஓட்டில் மழைச் சத்தம். நன்றாகத் தூங்கப் போகிறேன்.

அக். 12, ஞாயிறு. ராத்திரி மழை, காலை பளிச்.

வந்துவிட்டது. கதிர் வந்துவிட்டது. நேற்று அங்கங்கே எட்டிப் பார்த்தது, இன்றைக்கு வயல் பூராவும். வழிக்கு வெட்டினது போக, விளக்கு வெளிச்சம் விழுகிற மிச்ச இடம் மட்டும் இன்னும் வெறும் பச்சை. கோடு கிழித்த மாதிரி பிரிந்து நிற்கிறது.

மற்றவர்கள் கும்பப்பூவுக்கு நாற்றங்கால் போட்டாச்சு. எங்களுக்கு இந்த வயலில் அது தவறிப்போகும். போகட்டும் என்கிறார் அப்பா. காலையிலிருந்து மூன்று தடவை வயலுக்குப் போய்விட்டு வந்துவிட்டார். நான் இரண்டு.

ஸ்டேட்டஸ் போட்டேன். அழிந்துபோகும் என்பதால் இங்கேயும்:

சம்பா பூத்தாச்சு மக்கா. நெல்லுப்பூ விரியறது காலையில கொஞ்ச நேரம்தான், பத்து மணி வாக்கில வயலுக்கு வாங்க. விளக்கடியில பூக்காம நிக்கிற நெல்லையும் பாக்கலாம். உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல யாராவது பழைய விதை வச்சிருந்தா, அது எந்த மாசம் பூக்கும்ணு கேட்டுக்கிட்டு வாங்க. வர முடியாதவங்க இத நாலு பேருக்கு அனுப்புங்க.