ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குச் சாவி போட்டேன்

சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, இன்னும் விரல்களில் பெட்ரோல் வாசனை போகவில்லை. சிரிக்காதே. ஆமாம், நான்தான். பெட்ரோல் ஜீப்பின் ஓட்டுநர் சீட்டில் உட்காரவே மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், இன்று காலை உன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். பங்க்கில் மூடியை நானே திறக்கிறேன் பேர்வழி என்று போய், கையில் வழியவிட்டுக்கொண்டேன். எப்போதும் எனக்கு டீசல் போடும் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னா சார், டீசல் இல்லியா?" என்றான்.

மலர்தான் கூப்பிட்டிருந்தாள். "அண்ணா, ஆயுத பூஜை வருது. அவரு வண்டி நின்னது நின்னபடியே கெடக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிக் குடுங்களேன், கழுவி வெச்சுடறேன்" என்றாள். உன் மனைவி கேட்டு நான் எதையடா மறுத்திருக்கிறேன்? பிரேசர் டவுனிலிருந்து என் டீசலில் தொம்மலூருக்கு வந்து, உன் வீட்டு வாசலில் அதை நிறுத்தினேன். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த உன் சாவியை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

பதினைந்து வருஷம் நாம் சண்டை போட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே மாடல் ஜீப், ஒரே வாரத்தில் டெலிவரி. ஷோரூமில் அந்தப் பெண் பெட்ரோலா டீசலா என்று கேட்டபோதுதான் நம் பாதை பிரிந்தது. "காடு மேடு ஏறணும்னா டீசல்தான், ரெண்டு தலைமுறைக்கு ஓடும்" என்றேன் நான். "டர்போ, இன்ஜெக்டர், பம்ப்புனு நெறைய சாமான் இருந்தா நெறைய ரிப்பேரு. எளிமையா இருக்கறதுதான் ரொம்ப நாள் ஓடும்" என்றாய் நீ. அந்தப் பெண் எதிரிலேயே பந்தயம் கட்டினோம். எவன் எஞ்சின் முதலில் நடுவழியில் படுக்கிறதோ, அவன் அடுத்த வண்டியை மற்றவன் சொல்லும் எஞ்சினில் வாங்க வேண்டும். அன்றிலிருந்து என் வண்டி உனக்கு ரோடு ரோலர், உன் வண்டி எனக்குத் தையல் மெஷின்.

நியாயமாகச் சொன்னால் இரண்டுமே நம் மானத்தைக் காப்பாற்றின. சகலேஷ்புரத்துக் காப்பித் தோட்டங்களில், மழைச் சேற்றில், என் டீசல் முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே ஏறிப் போகும். நீ கிளட்ச் கருகும் நாற்றத்தோடு பின்னால் வந்து சேர்வாய். ஓடையில் இறங்கியபோது உன் இக்னிஷன் காயில் நனைந்து வண்டி இருமியது. நான் கரையில் நின்று கைதட்டினேன். ஆனால் அது நிற்கவில்லை, இருமிக்கொண்டே ஏறிவிட்டது. என் டர்போ குழாய் வெடித்த அன்று நெலமங்களா வரை கரும்புகை கக்கிக்கொண்டு வந்தேன். நீ பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய். நானும் நிற்கவில்லை. இன்ஜெக்டர் நாலும் மாற்றியதை நீ எத்தனை பேரிடம் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும், கழுதை.

ஆயுத பூஜை என்றால் உன் வாசல்தான். இரண்டு வண்டியையும் ஒட்டி நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்த பிறகு, பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடுவோம். தீர்ப்பு சொல்ல வேண்டியது மலர். ஒவ்வொரு வருஷமும் அவள் காதைப் பொத்திக்கொண்டு, "ரெண்டும் எனக்கு சத்தந்தான், சாப்ட வாங்க" என்பாள். போன வருஷம் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாய். வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல்கூட ஆறவில்லை.

அதற்கப்புறம் வந்த ஆஸ்பத்திரி நாட்களைத்தான் நான் இப்போது நினைத்து நினைத்துப் புழுங்குகிறேன். நீ ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழைத்துப் போகிறேன் என்றேன். "அவரு வண்டியிலயே போங்களேன், அண்ணா" என்று மலர் முதல் நாளே சொன்னாள். தையல் மெஷினையெல்லாம் நான் ஓட்ட மாட்டேன் என்று பெரிய ஜோக் அடித்தேன். நீயும் சிரித்தாய். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நோயாளியைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் சிக்னலில் நின்றிருந்தோம். ஓசூர் ரோட்டில் எப்போதும்போல வண்டிகள் அசையவில்லை. "டேய், ரொம்ப அதிருதுடா. சிக்னல்லயாவது ஆஃப் பண்ணேன்" என்றாய். பதினைந்து வருஷமாக நீ சொல்லிவந்த அதே குற்றச்சாட்டு. என் காதில் அது அப்படித்தான் விழுந்தது. பெட்ரோல் கட்சிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் விடமாட்டேன் என்கிறானே என்று நினைத்தேன். "சும்மா சும்மா அணைச்சுப் போட்டா டர்போ ஆயுசு கொறையும்டா, தெரியாதா உனக்கு?" என்று பாடம் எடுத்தேன். நீ "சரிங்க ஐயா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று விசிலடித்தேன். உனக்கு வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

இன்று காலைதான் எனக்கு உறைத்தது. பங்க்கிலிருந்து உன் வண்டியில் திரும்பும்போது, பழைய ஏர்போர்ட் ரோடு சிக்னலில் நின்றேன். சத்தமே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தேன், ஒரு துடிப்பும் இல்லை. எஞ்சின் படுத்துவிட்டது என்றே நினைத்தேன். எழுதவே கூசுகிறது, அந்த ஒரு நொடி எனக்குள் 'மாட்டினான்டா' என்று ஒரு துள்ளல். உனக்குச் சொல்ல போனைத் தேடிக் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் கரகரவென்று கத்தியது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குச் சாவி போட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "கோயி பாத் நை, சலோ சலோ" என்று, பரவாயில்லை போ என்பதுபோல் கையைக் காட்டினார்.

நான் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்த அதிராத சீட்டை உன் வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, தையல் போட்ட வயிற்றோடு உன்னை என் ரோடு ரோலரில் குலுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அன்று நீ வாதாடவில்லை, என்னிடம் ஒன்று கேட்டாய். நான் டர்போவின் ஆயுசைப் பார்த்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது மலரிடம் சொல்லிவிட்டேன். சிக்னலில் நீ சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாம். அவள் உள்ளே போய், சின்னத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்தாள். நீலப் பூப்போட்ட உறை.

"இத்த வயித்துல அணைச்சுக்கினுதான் வாசல் வரைக்கும் வருவாரு, அண்ணா. திருப்பத்துல உங்க வண்டி சத்தம் கேட்டுச்சோ இல்லியோ, என் கையில குடுத்துருவாரு. எடுத்துக்கினு போங்களேன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். கேட்டாத்தானே. 'இத்த பாத்தான்னா அடுத்த நாளே வந்து என் வண்டிய வெளிய எடுத்துக்கினு நிப்பான். அப்பறம் வாயத் தொறக்க மாட்டான். மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு ஓட்டுவான். எனக்கு அந்த ஒரு மணி நேரம் அவன் கூட சண்ட போடணும்'னுவாரு."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நல்லவள். எனக்கு ஆறவில்லை. நீ விட்டுக்கொடுத்தாய் என்பதால் நான் கேட்காமல் இருந்தது சரியாகிவிடுமா? நீயும்தான் என்ன பிடிவாதமடா. தலையணையை எடுத்துக்கொண்டு ஏறித் தொலைத்திருந்தால் என்ன? இரண்டு நாள் பேசாமல் ஓட்டியிருப்பேன், மூன்றாம் நாள் உன் வண்டியிலிருந்தே உன் வண்டியைத் திட்ட ஆரம்பித்திருப்பேன்.

பூஜைக்கு இரண்டு வண்டியையும் வழக்கம்போல ஒட்டி நிறுத்துகிறோம். பந்தயம் என்ன ஆச்சு என்று மலர் கேட்டாள். இரண்டும் ஓடுகிறது, இன்னும் முடியவில்லை என்றேன். உன் வண்டியை விற்க வேண்டாம், வாரம் ஒருமுறை வந்து நான் ஓட்டித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தலையணையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வண்டியில் இடது பக்கச் சீட்டில் இருக்கிறது. தொம்மலூரிலிருந்து வீடு வருகிற வரைக்கும், ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை அணைத்தேன். டர்போ போனால் போகட்டும்.