நாக்குக்கு அடியிலும் பார்த்த அக்காவுக்கு

என் அன்பான நவமணி அக்கா,

கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அடுத்த கிழமைதான் வந்தது. அந்த மாரடைப்பு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

ஒட்டுசுட்டான் மலேரியாக் கொட்டிலில் நான் நுணுக்குக்காட்டியே கதியென்று கதிரையில் இருப்பேன். நீங்கள் சைக்கிளில் காட்டோரமெல்லாம் போய் இரத்தம் எடுத்து, குளோரோகுயின் மாத்திரை கொடுத்து வருவீர்கள். கையில் கொடுத்துவிட்டு வருகிற ஆளா நீங்கள்? மூன்று நாளும் வீடு தேடிப் போய், "வாயைத் திறவுங்கோ, நாக்கைத் தூக்குங்கோ" என்று பார்த்த பிறகுதான் சைக்கிளை எடுப்பீர்கள். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அடுத்த தடவைக்கென்று பேணியில் போட்டு வைக்கும் எங்கள் சனத்தின் கெட்டித்தனம் உங்களிடம் பலிக்கவில்லை.

ஆனாலும் விறகு வெட்டும் முத்தையா அண்ணைக்கு மாத்திரை தொடங்கி ஏழாம் நாள் எடுத்த இரத்தத்தில் கிருமி இருந்தது. நான் என்ன செய்தேன்? பதிவேட்டில் "மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை" என்று எழுதினேன். அப்படி எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். அதைப் பார்த்து மேலிடம் உங்களிடம் விளக்கம் கேட்டது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அந்த மனிதர் கொட்டிலுக்கே வந்துவிட்டார். "நான் முழுங்குனேன் மிஸ். அக்கா நின்னு பார்த்தாங்க," என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பிள்ளை, அந்தாள் விழுங்கினதை நான் கண்டனான். மருந்துதான் தோத்திட்டுது போல. முதல் நாள் எடுத்த இரத்தமும் கிடக்கு, ரெண்டையும் கொழும்புக்கு அனுப்புவம்," என்றீர்கள். அவருக்கு அன்றே வேறு மருந்து கொடுத்துச் சுகப்படுத்தினோம்.

முதல் நாள் இரத்தம் கிடந்ததே உங்கள் கெட்டித்தனம்தான். அதற்கு முந்திய தடவை வடிதாளில் எடுத்த இரத்தப் பொட்டுகளை மேசையில் காயவைத்தோம். அவ்வளவையும் எறும்பு தின்றுவிட்டது. அடுத்த நாளே, எறும்பு ஏறாமல் குசினி அலுமாரிக்கு வைப்பதுபோல மேசைக் கால்களுக்கெல்லாம் தண்ணீர்ப் பேணி வைத்தீர்கள். "விஞ்ஞானி அக்கா" என்று நான் பகிடி பண்ணினேன். இப்போது பகிடியில்லாமல் சொல்கிறேன்.

இரண்டு பொட்டிலும் ஒரே கிருமிதானாம், புதிதாகத் தொற்றியதில்லையாம். அதன் மரபணுவில் ஓரிடம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் இருந்தால், உள்ளே போகிற குளோரோகுயினைக் கிருமி வெளியே தள்ளிவிடுமாம். நீங்கள் சைக்கிளில் திரிந்து கண்டுபிடித்ததை அவர்கள் இயந்திரம் வைத்துச் சரி என்கிறார்கள்.

நேற்று முத்தையா அண்ணையிடம் சொல்லப் போனேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கோடரியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். முற்றத்தில் நின்று இரண்டு பேரும் அழுதோம்.

பதிவேட்டில் என் வரியை வெட்டிவிட்டு, "விழுங்கினார். நவமணி அக்கா பார்த்தவர்" என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். இனி ஏழாம் நாள் கிருமியைக் கண்டால், ஆளில் பிழை சொல்ல முன் இரத்தத்தை அனுப்புவேன். உங்கள்மேல் சத்தியம்.

மேசைக் கால்களுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும்
உங்கள் தங்கை,
சுகந்தி