நீள மூக்கு

நீ எங்களை ஏமாற்றினாய். வேண்டுமென்றே அல்ல; ஆனாலும் ஏமாற்றினாய்.

என் சட்டையில் இன்னும் கரும்புச் சோகை எரித்த வாடை இருக்கிறது. முந்தாநாள் பெரிய வீட்டுக்காரர் கரும்பு வெட்டி முடித்துக் கொல்லைக்குத் தீ வைத்தார். இப்போது எல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. காலனி முனையில் நின்றால் சுடுகாடு தெரிகிறது. அதன் ஓரத்தில் உனக்கு நட்ட சிலுவையும் தெரிகிறது. நீ செத்தபோது இந்தக் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது.

கரும்பு நிற்கும்போது நம் ஜனங்கள் சாகக் கூடாது. நாம் இரண்டு பேரும் கேட்டு வளர்ந்த கேலி அது. வெட்டிய கொல்லை என்றால் பிணம் குறுக்கே போகலாம். கரும்பு நின்றால் வாய்க்காலில் இறங்கித் தண்ணீரோடு சுற்றிப் போகவேண்டும். கிழவர்கள் யாராவது இருமினால், "தாத்தா, மில்லுலேர்ந்து இன்னும் கட்டிங் ஆர்டர் வர்ல, தாக்குப் புடி" என்று பையன்கள் கத்துவார்கள். கிழவர்களும் சிரிப்பார்கள். அந்தக் கொல்லைக்குள் ஒரு காலத்தில் வண்டிப்பாதை இருந்ததைத் தாலுக்கா ஆபீஸே ஒப்புக்கொண்டது. அளக்கத்தான் ஆள் வரவில்லை.

நீ வெளியூர் போய் வேதம் படித்து, காலனியின் சின்னச் சபைக்கே போதகராகத் திரும்பி வந்தாய். கொல்லையைச் சுற்றிய வேலியைப் பிடுங்கி எறியலாம் என்று நான் துடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், என்னைக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போனாய். கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றபடி அந்த எபிரேய வார்த்தையைச் சொன்னாய்: எரெக் அப்பாயிம். தமிழ் வேதத்தில் 'நீடிய சாந்தம்' என்று வருவதற்கு மூலம் அதுதான் என்றாய்.

"எரெக்னா நீளம்டா. அப்பாயிம்னா மூக்கு. நீள மூக்கு."

"இன்னாடா, உங்க சாமிக்கு மூக்கு நீளமா?"

"கோவம் வந்தா மூக்குல சூடாத்தானே மூச்சு வருது? மூக்கு நீளமா இருந்தா வெளிய வர நேரமாவும். அதுக்குள்ள சூடு கம்மியாயிடும்."

"நம்ம ஜனத்துக்கு எவ்ளோ நீளம் வேணும்? கள்ளக்குறிச்சி வரைக்கும் இருந்தா போதுமா?"

நீ முள்ளைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். "ஆனா முக்கால்வாசி எடத்துல அது ஆண்டவரத்தான்டா சொல்லுது" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா இறந்தபோதும் கரும்பு நின்றது. அதே கொல்லையில் வருஷா வருஷம் கரும்பு வெட்டியவள். இந்த முறை வாய்க்காலில் இறங்க மாட்டோம் என்று பாடையை ரோட்டில் இறக்கினோம். டவுன் பஸ் நின்றது, கரும்பு லாரிகள் நின்றன. தாசில்தார் வந்துகொண்டிருக்கிறார் என்று போலீஸ்காரர் சொன்னார். நம் காலனிக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. நீ வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து பாடைக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் உட்கார்ந்தாய்.

"தூக்குங்கடா. பெரியவரு வாக்கு குடுத்துட்டாரு. இந்த வெட்டு முடிஞ்சதும் வழி வுடறாராம்."

"எழுதிக் குடுத்தாரா?"

"பொறுமையா இருங்கடா. உங்க கால்ல வுழட்டுமா?"

விழவும் செய்வாய் என்று தெரியும். தூக்கினோம். வெட்டு முடிந்தது, கரும்புக் கட்டை மறுபடி துளிர்த்தது, வழி வரவில்லை. நீ மட்டும் அவர் வாசலுக்குப் போய்க்கொண்டே இருந்தாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. உன் பெட்டியோடு நாங்கள் வாய்க்காலில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். முன்னால் பிடித்தவன் கால் வழுக்க, பெட்டி சாய்ந்து தண்ணீர் புகுந்தது. "அவரை நனைக்காதீங்கப்பா, நனைக்காதீங்கப்பா" என்று உன் மனைவி கரையோடு ஓடி வந்தாள். அந்தக் கனம் என் வலது தோளை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் உன்னைத் திட்டித் தீர்க்கத்தான் உன் வீட்டுக்குப் போனேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவரு பொறுமைசாலின்னு நீங்களும் நெனச்சிக்கினு இருக்கீங்களாண்ணா? பயந்தாரு. ரோட்ல உங்கள்ல ஒருத்தர் மேல தடி வுழுந்திருந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன்னாரு."

பயம் என்றால் பயம் என்று சொல்லியிருக்கலாமே. எனக்கும் பயம்தான். சேர்ந்து பயந்துகொண்டே ரோட்டில் உட்கார்ந்திருப்போம். தாசில்தார் வந்திருப்பார். அதற்குப் போய் ஒரு வேத வார்த்தையை எடுத்துப் போர்த்தினாய். அடிக்க முடிந்தவர் அடிக்காமல் தாமதிப்பதற்கு அது பேர். பிணத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நிற்பவனுக்கு அந்தப் பேர் பொருந்தாது. இது உனக்குத் தெரியும். மூல மொழியிலேயே தெரியும்.

இன்று மத்தியானம் உன் மனைவியும் அஞ்சலை அக்காவின் மகனும் நானும் பெரியவரின் மோட்டார் கொட்டகைக்குப் போனோம். உன் மனைவியைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கமான புள்ளப்பா அவன். அந்தப் பொறுமை உங்க யாருக்கும் வராது."

"அதைப் பேச வர்லீங்க" என்றேன். "கட்டை துளிர்க்கறதுக்குள்ள பாடை போற அகலம் வுடுங்க. கயிறு கொண்டாந்திருக்கோம். இப்பவே அளந்துடலாம்."

அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். வெட்டிய கொல்லைக்குள், கட்டை துளிர்ப்பதற்கான முதல் தண்ணீர் பாய ஆரம்பித்தது.

சத்தத்துக்கு மேல் இன்னொரு முறை கேட்டேன்.

"வழி வுடுங்க."