அடிக்கிற வேலை

ஒக்டோபர் 14, 2023
தம்பி சுஜிதன் அழைத்தான். ஐஸ் ஹொக்கியைத் தொழிலாகவே விளையாட ஒப்பந்தம் கிடைத்துவிட்டதாம். அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊர்க் கழகம். ஏழு வயதில் சித்தியோடு ரொறன்ரோ போனவன். அவனுடைய தமிழும் அந்த வயதோடு நின்றுவிட்டது. "என்னை அடிக்கத்தான் எடுத்திருக்கினம், அக்கா" என்றான். கோல் அடிக்க! அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. எங்கள் வேலணையில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கிடப்பதுதான். அதன் மேல் சறுக்கி ஓடி என் தம்பி உழைக்கப் போகிறான்.

ஒக்டோபர் 20, வெள்ளி
குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போனோம். நாகபூசணி அம்மனிடம் அம்மா வாய்விட்டே நேர்ந்தார்: "தாயே, என்ரை பிள்ளை நல்லா அடிக்கவேணும். வந்து பால்பொங்கல் பொங்குவன்." ஆரை அடிக்க என்று பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவி மாமி பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

நவம்பர் 18
விடியற்காலை கைபேசியில் அவனுடைய ஆட்டம் பார்த்தேன். வெகுநேரம் ஓரத்து வாங்கில்தான் குந்தியிருந்தான். பிறகு இறங்கினான், கையுறைகளைக் கழற்றி எறிந்தான், எதிரணித் தடியன் ஒருவனின் முகத்தில் குத்தத் தொடங்கினான். நடுவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சனம் எழும்பிக் கைதட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோல் இல்லை. ஆட்களை அடிக்க எடுத்திருக்கிறார்கள்.
குசினியிலிருந்து அம்மா கேட்டார், அடிச்சவனோ என்று. ஓம் என்றேன். பொய் இல்லையே.

நவம்பர் 19
கேட்டேன். அதைத்தானே முதலே சொன்னேன் என்கிறான். கோல் போடுகிற பெடியன்களை எவனும் தொடாமல் பார்ப்பதுதான் அவனுடைய வேலையாம். அப்படியே மேலே போகலாமாம். விட்டிட்டு வா என்றேன். சிரித்தான்.

ஜனவரி 9, 2024
தலை ஐஸில் அடிபட்டதாம். சும்மா தலையிடிதானாம். சும்மா!

ஜனவரி 27
திரும்ப ஆட்டத்துக்கு இறங்கிவிட்டான், விசரன். வெளிச்சம் பார்த்தால் இன்னும் குமட்டிச் சத்தி வருகிறதாம். கழகத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் இடம் வேறொருவனுக்குப் போய்விடுமாம்.
"ஏலாது எண்டு சொல்ல ஏலாது, அக்கா."

மார்ச் 3
இனிப் பார்ப்பதில்லை என்று கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு எடுத்தேன். ஒரே அடி. ஹெல்மெற் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எழும்படா — எழும்படா எண்டு கத்திப்போட்டன். கோல் என்று நினைத்து அம்மா அம்மன் படத்தைக் கும்பிட்டார்.
என்னை அடிக்கத்தான் எடுத்திருக்கினம். அந்த வசனத்துக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது.

மார்ச் 6
கண் திறந்துவிட்டானாம். இனி விளையாட்டே இல்லை என்று சித்தி அழுதார். அம்மாவுக்கு என்னத்தைச் சொல்ல? சொல்லவில்லை.

மே 31, வெள்ளி
தம்பி வந்து ஒரு கிழமை. லீவில் நிற்கிறான் என்றுதான் அம்மா நம்புகிறார். அறையை இருட்டாக்கி அவன் படுத்தே கிடப்பதும் பயணக் களைப்பாம். நேற்று அவனுடைய தலையைத் தடவிக் கேட்டார், "நல்லா அடிச்சனியோ, ராசா?"
"ஓம் அம்மா. கனக்க."
நேர்த்தியை முடிக்க அம்மா இன்று மாமியோடு நயினாதீவு போய்விட்டார். படகு இயந்திரத்தின் சத்தம் அவனுக்குத் தாங்காது. நான் துணைக்கு நின்றேன்.
தேத்தண்ணி கொடுத்தேன். அம்மா எங்கே என்று கேட்டான். உனக்கு வைத்த நேர்த்திக்குப் பொங்கப் போய்விட்டார் என்றேன். தலையாட்டினான். ஊதி ஊதிக் குடித்தான்.
பாதிக் கோப்பையில் நிமிர்ந்து பார்த்தான்.
"அக்கா, அம்மா எங்கை?"