சவுனா அடுப்பின் கணக்கு

கூஹ்மோ,
19 அக்டோபர் 1989

அன்புத் தம்பி ஆர்விக்கு,

அக்கா கெர்த்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. கேட்டால் இல்லை என்பார். ஏரி ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி பிடித்துவிட்டது. தொழிற்பள்ளியில் என் மின்சார வகுப்புக்கு இந்த வருடம் பதினெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வகுத்தலே வராது.

நீ கடல் தாண்டி கோத்தன்பர்க் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதற்கும் எழுத வேண்டாம். முழுதாகப் படித்தால் போதும்.

சவுனா எரிந்த அன்று, சாம்பல் அருகே நின்றுகொண்டு, ஊரார் காதுபட அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "என் பையன் போட்ட ஒயரு. வேற என்ன காரணம் வேணும்?" வெறும் நீராவிக் குளியல் குடிலா அது? நாம் இருவரும் பிறந்த சவுனா. அம்மா இறந்தபோது அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அப்பாவுக்கு விறகு பிளக்க முடியவில்லை என்று, விறகடுப்பை எடுத்துவிட்டு நீ மின்னடுப்பு வைத்துக் கொடுத்தாய். மூன்றாவது வாரம் எல்லாம் போயிற்று. நீ வாயே திறக்கவில்லை. ஏன் என்று கப்பல் ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: "அக்கா, அன்னைக்கு ரெண்டு பீர் உள்ள போயிருந்துச்சு. அடுப்புச் சுருளை ஸ்டார் இணைப்புல போட்டேனா டெல்டால போட்டேனான்னு சத்தியமா ஞாபகம் இல்ல."

ஆகஸ்டில் அப்பா எரிந்த இடத்தைத் துப்புரவு செய்தார். தார்ப்பாயின் கீழ் கிடந்த, எரிந்த மின்னடுப்பைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். இணைப்புப் பெட்டி உருகிவிட்டது, நேரில் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆனால் சூடேற்றும் மூன்று சுருள்களில் இரண்டு உயிரோடு இருந்தன. ஒன்றுக்கு 220 வோல்ட் கொடுத்தேன். 9.1 ஆம்பியர் ஓடியது. வகுத்தால் 24 ஓம், பெருக்கினால் இரண்டாயிரம் வாட். மற்றதும் அதேதான். மூன்றுக்கும் சேர்த்து ஆறு கிலோவாட். அடுப்பின் தகட்டிலும் அதுதான் போட்டிருக்கிறது. ஆக, அடுப்பில் குறை இல்லை.

இனி உன் பீர் விவகாரம். ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் அந்த 220 வோல்ட்தான் போகும். நீ டெல்டாவில் போட்டிருந்தால் ஒவ்வொரு சுருளுக்கும் 380 வோல்ட் போயிருக்கும். அதே 24 ஓமில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர், ஆறாயிரம் வாட். அடுப்பு மொத்தமும் மூன்று மடங்கு, பதினெட்டு கிலோவாட். வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியிலும் 27 ஆம்பியர். அந்தக் கம்பிகளுக்கு வீட்டில் நீ போட்ட பியூஸ்கள் பத்து ஆம்பியர். முதல் நாளே, அடுப்பின் மேல் அடுக்கிய கல் சூடாகும் முன்பே அவை போயிருக்கும். அடுப்போ மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தது. புகையைக் கண்டதும் அப்பா மெயினை அணைத்ததால் பியூஸ்கள் இன்றும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. எடுத்துச் சோதித்தேன். மூன்றும் நல்லவை.

நீ ஸ்டாரில்தான் போட்டாய் ஆர்வி. இந்தக் கணக்கை நீயே ஒரு காகிதத்தில் போட்டிருக்கலாம். போடாமல் ஓடிப்போனதற்கு உன்மேல் எனக்கு நல்ல கோபம் உண்டு.

அடுப்புக் கற்களைக் கொட்டியபோது, இடையில் கருகிய இரண்டு கொக்கிகள் கிடைத்தன. அப்பாவின் வேலை உடுப்பில், தோள்பட்டை வாரில் இருப்பவை. துவைத்ததை அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறார்; அது சூடான கற்கள்மேல் விழுந்து பற்றியிருக்கிறது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம், எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ளாத காரியம்.

கொக்கிகளைச் சமையலறை மேசையில் வைத்தேன். அப்பா காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு, "தெரியும்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அன்னைக்கே. வாய் முந்திக்கிச்சு. அப்புறம் அவன் போயிட்டான்." இரண்டு வருடமா என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் கத்தியது அதுவே முதல் தடவை. அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று நீ எதிர்பார்க்காதே, நானும் எதிர்பார்க்கவில்லை. நடப்பதை மட்டும் எழுதுகிறேன். எரிந்த இடத்திலேயே புது சவுனா எழும்பிவிட்டது. பலகை முழுவதும் அவர் அடித்தது. புது மின்னடுப்பு பெட்டியோடு வந்து நடையில் கிடக்கிறது. ஊர் எலக்ட்ரீஷியன் பாவோ தானாகவே வந்து, அரை நாளில் இணைத்துத் தருகிறேன் என்றார். "எம் பையன் வந்து போடுவான்" என்று அப்பா அனுப்பிவிட்டார். பையன் எப்போது வருவான் என்று பாவோ கேட்டிருக்கிறார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டார்.

சவுனா நாளான சனிக்கிழமைதோறும் மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் சவுனாவுக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். எங்கும் போவதில்லை. சமையலறையில் அலுமினியச் சட்டியில் வெந்நீர் வைத்து, முதுகு எட்டாமல், எழுபத்தாறு வயதில் நின்றுகொண்டே உடம்பு துடைக்கிறார். நான் தேய்த்துவிடுகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு சனிக்கிழமைக்கு வந்துவிடு.

உன் அக்கா,
கெர்த்து