வெண்கலச் சிறுமியோடு பழம்

என்னங்க,

உங்கள் இடுப்பு வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் பெருக்குகிற பூங்காவில் புதிதாக ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். வெண்கலத்தில் இரண்டு சிறுமிகள். பீடத்தைச் சுற்றி, இந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது பேசும் பேச்சைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருத்தி இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"சண்டை போட்டுட்டு சேர்ந்துக்கிறாங்களாம், நாம பழம் விடுவோமே, அந்த மாதிரி" என்றார் இந்த ஊர்ப் பாஷை தெரிந்த எங்கள் வேன் டிரைவர் அண்ணன். துடைக்கிற சாக்கில் நானும் என் இரண்டு விரலால் அவள் விரல்களைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"சிலையோடவுமா சண்டை?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நான் கிளம்பிய அன்று என்னோடு காய் விட்ட நம் மகள், இன்னும் போனை நீட்டினால் ஓடுகிறாளே! அவள் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். வளையல் அளவுக்கு என்று சொல்லுங்கள்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். வளையலுக்கு விரல் எதற்கு என்று அவள் கேட்டால், பேச்சை மாற்றிவிடுங்கள்.